டச்சஸுக்காகச் செய்த கொண்டி

மேவிஸ் ஹூப்பர் வீடு,
கோஹிரா.
18 ஜூன் 1985

ஆல்பிக்கு,

மேவிஸ் போனில் சொல்லியிருப்பாள். உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தூங்குவதுதான் அதிகம்.

நானே போனில் பேசியிருக்கலாம். ஆனால் நம் போன் லைனிலேயே இன்னும் மூன்று வீட்டு போனும் தொங்குகிறது, யார் எடுத்தாலும் நம் பேச்சு கேட்கும். நாம் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பண்ணை க்ளாரிஸ் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கும். நம் கதையை அவளுக்கு இலவசமாகக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் கடிதம். கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத அவசியமே வரவில்லை, எப்போதும் உன் பக்கத்து சீட்டில்தானே இருந்தேன்.

ஊரில் கேட்பார்கள். நீ ஏதாவது சொல்லிச் சமாளிப்பாய். நடந்தது இதுதான். நம் மகள் ரேவின் தன் சம்பளத்தில் அப்பா அம்மாவுக்கென்று வெந்நீர் ஊற்று விடுதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறை எடுத்துக் கொடுத்தாள். மாடுகளுக்குக் கறவை நிறுத்தியிருக்கும் குளிர்கால மாதம் இந்த ஜூன், வருஷத்தில் நமக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு. திரும்பி வருகிற வழியில், பழைய சீஸ் ஆலை ஒன்றில் மேவிஸ் நடத்துகிற இந்த அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். பண்ணை கேட், கேட்டுக்குப் போடுகிற கொண்டி, கொக்கி, சங்கிலி. வேறெதுவும் இல்லை. பார்த்து முடித்தோம். வழக்கம்போல நான் இறங்கி மேவிஸின் கேட்டைத் திறந்தேன், நீ வண்டியை வெளியே எடுத்தாய், நான் மூடினேன். நீ போய்விட்டாய். பெண்டாட்டி ஏறினாளா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாய்.

நீ திரும்பி வந்தபோது என்னை எழுப்ப வேண்டாம் என்று நான்தான் மேவிஸிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் பின்னறைக் கட்டிலைக் காட்டியதும், செருப்பைக் கழற்றியதும் ஞாபகம் இருக்கிறது. எழுந்தபோது மறுநாள் மத்தியானம். மேவிஸ் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்து, "எந்த வருஷத்து பாக்கித் தூக்கம்டி இது?" என்றாள். அழுதேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவி என் பக்கம் தள்ளினாள்.

அவளுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாள் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து நடமாடச் சில வாரம் ஆகும். இந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கவலைப்பட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

என்னை அழைத்துப்போக வராதே. என் கம்பளிச் சட்டை, படிக்கிற கண்ணாடி, முழங்கால் தைலம் மட்டும் அனுப்பு. கொட்டகையில் போடும் மேல்சட்டையை அனுப்பாதே.

நைரீ

-

ஒடமாரே.
22 ஜூன்

நைரீ,

சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி ரொட்டி டப்பாவுக்குள் இருந்தது. அங்கே ஏன் வைத்தாய்.

நான் விட்டுவிட்டுப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். நீ தட்டினாய். வண்டியின் திறந்த பின்பெட்டியில் இரண்டு தட்டு. இத்தனை வருஷமாக இரண்டு தட்டு என்றால் நமக்குள் என்ன அர்த்தம்? கேட்டை மூடியாயிற்று, பின்னால் ஏறிவிட்டேன், போகலாம். தட்டினாய், போனேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும்.

முன்னால் வந்து உட்காரவில்லையே என்று நினைக்காமல் இல்லை. ஆனால் உனக்குக் கோபம் வந்தால் பின்னால் போய் நாய் டிப்போடு உட்கார்ந்துகொள்வாய், அது டிப்புக்கே தெரியும். அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும்போதே உன் முகம் சரியில்லை. காற்றுப் பட்டால் ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். டூங்கா ஊர்க் கடை வரை போய்த்தான் நிறுத்தினேன். மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட மீட்-பை சூடாக இரண்டு வாங்கினேன். ஒன்று சீஸ் போட்டது, உனக்குப் பிடித்தது. அதை எடுத்துக்கொண்டு சமாதானம் பேசலாம் என்று பின்னால் போனால், டிப் மட்டும் வாலை ஆட்டியது.

நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரன், "என்னங்க, வழியில எதையாவது கொட்டிட்டீங்களா?" என்றான். "ஆமா, பெண்டாட்டிய" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை நைரீ. எங்காவது திருப்பத்தில் விழுந்துவிட்டாயோ என்று வழி முழுக்க ஓடையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன். அங்கே வந்தால் அந்த மேவிஸ் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். "தூங்குறா. எழுப்புனா உன்னயும் கொண்டியோட கொண்டியா சுவத்துல மாட்டிடுவேன்" என்கிறாள். இருட்டுகிற வரை வண்டியில் உட்கார்ந்திருந்தேன். உன் மீட்-பையை டிப் தின்றுவிட்டது.

பக்கத்துப் பண்ணை ஹேமி வந்து, "நைரீ அக்கா எங்க?" என்றான். அருங்காட்சியகத்தில் என்றேன். "அதுக்குள்ள காட்சிக்கு வச்சுட்டாங்களா?" என்றான். ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

மழை விடவில்லை. மலை கண்ணில் பட்டு ஒரு வாரம் ஆகிறது. ஜூலை கடைசியில் மாடுகள் கன்று ஈன ஆரம்பித்துவிடும். அதற்குள் வந்துவிடு.

ஆல்பி

-

கோஹிரா.
27 ஜூன்

ஆல்பி,

பெட்டி வந்தது. ஓடையைப் பார்த்துக்கொண்டே வந்தாய் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். பயந்தாய் என்று தெரிந்ததும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் மறைப்பானேன்.

தட்டியதற்கு வருகிறேன். முதலில் அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர்க் குளத்தில் நாம் உட்கார்ந்திருந்தோம். ஆவி பறக்கிறது, பக்கத்தில் ஒரு ஜோடி கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறது. நீ சொன்னது நினைவிருக்கிறதா? "இந்தத் தண்ணிய பைப் போட்டு இழுத்தா பால் கொட்டகைய கழுவ எவ்வளவு சுலபம்?" அப்புறம் தூங்கிப்போனாய், குறட்டை வேறு. வரும் வழியெல்லாம் அடுத்தவன் புல்லைப் பார்க்க வண்டியை நிறுத்தினாய். நான் குறை சொல்லவில்லை. நீயும் களைத்தவன்தான். இரண்டு கிழட்டு மாடுகளை ஓய்வுக்கென்று அவிழ்த்துவிட்டால், அவை நேராகக் கொட்டகை வாசலில்தான் போய் நிற்கும்.

மேவிஸ் இடத்தைப் பார்க்கலாம் என்றது நான். பலகையில் 'கேட் கொண்டிகள். மூடியிருந்தால் கூப்பிடவும்' என்று எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. நீ மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே வந்தாய். அவள் முப்பது வருஷம் இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் தபால் வண்டி ஓட்டியவள். கேட் கேட்டாக நின்றவள். பண்ணைக்காரன் தன் கையால் செய்த கொண்டி எங்கே பழசாகிக் கழன்றாலும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சைக்கிள் செயினில் ஒன்று, கட்டில் குமிழில் ஒன்று, சூப் கரண்டியை வளைத்து ஒன்று. நீ கொண்டியைத்தான் பார்த்தாய். நான் கீழே இருந்த அட்டையைப் படித்தேன். எல்லா அட்டையிலும் இரண்டே வரி. 'செய்தது: வால்டர் ஸ்பென்ஸ். திறந்தது: அவர் மனைவி ஐவி.' அடுத்தது. 'செய்தது: ஜார்ஜ் மெக்கே. திறந்தது: அவர் மனைவி டோரதி, பிறகு மகள்.' சுவர் முழுக்க இப்படியே போகிறது.

அப்போதுதான் நீ மேவிஸிடம் உன் பெருமையை ஆரம்பித்தாய். "இதெல்லாம் ஒரு கொண்டியா? எங்க பண்ணைக்கு வந்து பாருங்க. மாடு என்ன, பேயே வந்தாலும் திறக்காது."

அவள் கேட்டாள், "யாரு திறப்பா?"

"நைரீதான். நான் இறங்கிட்டா வண்டிய யாரு ஓட்டுறது?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அதுதான் ஆல்பி எனக்கு ஆறவில்லை, நானும் சிரித்தேன்.

எனக்கு ஓட்டத் தெரியாதா? ரேவினுக்குக் குடல்வால் வெடித்தபோது பனியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? தீவன லாரியை ஓட்டுவது யார்? நீ வண்டியில் இருந்தால் மட்டும் எனக்கு ஓட்டத் தெரியாமல் போய்விடும்.

அந்தக் கொண்டியை நீ டச்சஸுக்காகச் செய்தாய். எந்தக் கொண்டியையும் நாக்கால் நக்கியே திறந்துவிடுகிற மாடு. அதை அடக்கக் கலப்பை ஸ்பிரிங்கையும் குதிரை லாடத்தையும் வைத்து, முழங்காலால் தூக்கி, தோளால் தள்ளி, இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்கும்படி செய்தாய். ஒரு மாட்டுக்காக எல்லா கேட்டுக்கும் போட்டாய். டச்சஸ் செத்து எத்தனை வருஷம் ஆகிறது? கொண்டி மட்டும் சாகவில்லை. அதைத் திறக்க இறங்கியது டச்சஸ் இல்லை, நான். மழையில், பனியில், ரேவின் வயிற்றில் இருக்கும்போது.

இப்போது தட்டியது. ஆமாம், தட்டினேன். கேட் மூடியிருந்தது, நான் உள்பக்கம் நின்றேன், கேட்டுக்கு மேலாகக் கை நீட்டித் தட்டினேன். கை பழக்கத்தில் தட்டிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்தேதான் தட்டினேன். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாயா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. தட்டுச் சத்தத்தைக் கேட்டே இத்தனை வருஷம் ஓட்டியவன் நீ. திரும்பிப் பார்த்ததே இல்லை.

மேவிஸ் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இங்கே நானும் கொண்டிகளும்தான். மழைக்கு ஆட்களும் வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார இவ்வளவு பழக்கம் வேண்டும் என்று தெரியாது.

நைரீ

-

ஒடமாரே.
5 ஜூலை

நைரீ,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பேனா என்று சோதித்தாயாம். கட்டிய பெண்டாட்டி தட்டினால் நம்பத்தானே வேண்டும்? நம்பியது குற்றமா?

சரி. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்.

தனியாக கேட் வழியே போவது எப்படி என்று இப்போது தெரிந்துகொண்டேன். நிறுத்து, இறங்கு, திற, ஏறு, ஓட்டு, நிறுத்து, இறங்கு, மூடு, ஏறு. கொஞ்ச தூரத்தில் அடுத்த கேட். வைக்கோல் போட்டு முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை மேட்டு கேட்டை மூடிக்கொண்டிருந்தேன். நம் வண்டியில் ஹேண்ட்பிரேக் போய் வெகுநாள் ஆகிறது, எப்போதும் நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பதால் சரி செய்ய நினைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வண்டி தானாகக் கிளம்பிப் போகிறது. மெதுவாக, அவசரமே இல்லாமல், சரிவில் இறங்கிக் கால்வாயில் மூக்கைக் குத்தி நின்றது. டிப் பின்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு போனது. ஹேமி டிராக்டர் கொண்டுவந்து இழுத்தான். "வண்டிய யாரு ஓட்டுனா? டிப்பா?" என்றான். "ஆமா, நான் இறங்கிட்டேன்ல" என்றேன்.

நீ எழுதியதை யோசிக்காமல் இல்லை. கேட்தானே உனக்குப் பிரச்சினை. கேட்டே இல்லாமல் செய்துவிடுகிறேன். ரயில்வேயிலிருந்து பழைய தண்டவாளம் கிடைக்கிறது. கேட் இருக்கிற இடத்தில் குழி தோண்டி, மேலே தண்டவாளத்தை இடைவெளி விட்டுப் பதித்துவிட்டால், வண்டி நிற்காமல் போகும், மாடு கால் வைக்காது. இரண்டு குழி தோண்டியாயிற்று. நீ இனி இறங்கவே வேண்டாம். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வது.

சிவப்பி மடி கட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த வருஷம் சீக்கிரம் ஈனுவார்கள் போலிருக்கிறது. எப்போது வருகிறாய்?

கொண்டி கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. குளிரினால் இருக்கும்.

ஆல்பி

-

கோஹிரா.
10 ஜூலை

ஆல்பி,

சிரித்தேன். டிப் உன்னைப் பார்த்துக்கொண்டே போனதை நினைத்து, ஆளில்லாத அருங்காட்சியகத்தில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். நாயாவது உன்னைத் திரும்பிப் பார்த்ததே.

குழி தோண்டுகிறாயாம். நீ கேட்டில் இறங்கக்கூடாது என்பதற்காகப் பண்ணை முழுக்கக் குழி தோண்டுவாய். நான் இறங்கவே வேண்டாம், பக்கத்து சீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். கோபமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தெம்பு இல்லை. ஒரு விஷயத்தை நூறு விதமாகச் சொல்லி, கடைசியில் அது தண்டவாளமாக வந்து நிற்கும்போது மனுஷி என்ன செய்வாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நம் பால் புளித்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. நாம் எங்கே குடித்துப் பார்த்தோம்? கறந்து கறந்து ஆலைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

நேற்று ஒரு ஜோடி வந்தது. நம் வயசுதான், தெற்கே ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார்களாம். அந்த ஆள் ஒவ்வொரு கொண்டியையும் தொட்டுத் தொட்டு, "இத நான் செஞ்சிருந்தா இன்னும் நல்லா செஞ்சிருப்பேன்" என்றான். அவள் அட்டைகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். கடைசிச் சுவரில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவன் போய் வண்டியில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தான். "கூப்பிடுறாரு" என்றாள். "அவரு ஆறட்டும், டீயக் குடி" என்றேன். குடித்து முடித்தாள். அப்புறம் போய் கேட்டைத் திறந்தாள்.

நான் உன்னை வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. உன்னை விட்டுவிட்டு வாழப் போகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை, அப்படி இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இங்கே ராத்திரி படுத்தால் காலை வரை உடம்பு என்னுடையதாக இருக்கிறது. அதை விட்டு வர மனசு வரவில்லை. கன்று ஈனப்போகிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். மாடு ஈனுவது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருஷமும் முழங்கை வரை உள்ளே விட்டு இழுப்பவள் நான். கன்று ஈனாவிட்டால் என்னைக் கூப்பிட்டிருப்பாயா? அதை எழுது.

இன்னொன்று. கொண்டி 'கொஞ்சம் இறுக்கம்' என்று கடிதத்தின் அடியில் ஒளித்து எழுதியிருக்கிறாய். நீ செய்த கொண்டியை நீ உன் கையால் திறந்தாயா, இல்லையா?

நைரீ

-

ஒடமாரே.
21 ஜூலை

நைரீ,

நீ கேட்டதற்குப் பதில். இல்லை.

முதல் நாளிலிருந்தே முடியவில்லை. என் வலது தோள் முன்போல் இல்லை, அது உனக்குத் தெரியும். முழங்காலால் தூக்கினால் தோள் தள்ளவில்லை, தோளால் தள்ளினால் கை இழுக்கவில்லை. கடப்பாறையைப் போட்டு நெம்பித்தான் இத்தனை நாள் திறந்தேன். அதைத்தான் குளிர் என்று எழுதினேன்.

சிவப்பி போன வாரம் ஈன்றாள், நாள் வருவதற்கு முன்னாலேயே. விடிகிற நேரம், மேட்டு வயல், புல்லெல்லாம் உறைபனி. கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது, கன்று பாதி வெளியே வந்து சிக்கியிருக்கிறது, அவள் படுத்துக்கொண்டு கத்துகிறாள். கடப்பாறை வண்டியில் இல்லை. கொண்டியைப் பிடித்து இழுத்தேன். ஸ்பிரிங் திருப்பி அடித்ததில் விரல் நசுங்கியது. அப்புறம் கேட் மேல் ஏறிக் குதித்தேன், குதித்ததில் விழுந்தேன், எழுந்து போய் இழுத்தேன். சிவப்பி பிழைத்துவிட்டாள். கன்று போய்விட்டது. கிடாரிக் கன்று.

எப்படியும் போயிருக்கும் என்று ஹேமி சொல்கிறான். இருக்கலாம். கேட் உடனே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பனியில் அந்தக் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் விரலைப் பார்த்தேன். நகம் கறுத்து, மடக்க முடியவில்லை. அப்போதுதான் தோன்றியது, உன் இடது கையில் ஒரு விரல் மடங்காது. கப்பைப் பிடிக்கும்போது அது மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். துரைசானி மாதிரி டீ குடிக்கிறாள் பார் என்று எல்லார் முன்னாலும் கேலி செய்திருக்கிறேன். எப்படி ஆயிற்று என்று கேட்டதில்லை. இனிமேல் கேட்க வேண்டியதில்லை, தெரிந்துவிட்டது.

கொண்டிகளையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டேன். எல்லா கேட்டிலும் சாதாரணச் சங்கிலியும் கொக்கியும் போட்டிருக்கிறேன், குழந்தைகூடத் திறக்கலாம். தோண்டிய குழிகளில் மழைத் தண்ணீர் நின்று வாத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. தண்டவாளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹேண்ட்பிரேக்கும் சரி செய்தாயிற்று.

கன்று ஈனாவிட்டால் கூப்பிட்டிருப்பேனா என்று கேட்டாய். கூப்பிட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருந்திருப்பேன். கன்றைச் சொன்னால் வந்துவிடுவாய் என்று தெரியும், அதனால் அதையே சொன்னேன். மற்றபடி, காலையில் இரண்டு கப் டீ போட்டுவிடுகிறேன். ஒன்று ஆறிப்போய்க் கிடக்கிறது. நீ இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை நைரீ. இதை எழுதக் கையெழுத்து ஏன் இவ்வளவு கோணலாகப் போகிறது என்று தெரியவில்லை, விரல்தான் காரணம் என்று வைத்துக்கொள்.

மேட்டு கேட்டின் கொண்டியை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். மேவிஸ் மாட்டினால் மாட்டட்டும். அட்டையை நானே எழுதிவிட்டேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

ஆல்பி

(அட்டை)
செய்தது: ஆல்பி க்ரோம்பி, டச்சஸ் என்ற மாட்டுக்காக.
திறந்தது: நைரீ க்ரோம்பி, டச்சஸ் செத்த பிறகும்.
செய்தவனுக்குத் திறக்கத் தெரியாது.

-

கோஹிரா.
25 ஜூலை

ஆல்பி,

பார்சலைப் பிரித்ததும் அட்டையைத்தான் முதலில் பார்த்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கொண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன கனம் அது. கேட்டில் இருக்கும்போது அதன் கனம் தெரிந்ததே இல்லை.

கிடாரிக் கன்றுக்காக வருத்தப்பட்டேன். சிவப்பிக்குப் பால் காய்ச்சல் வரலாம், பின்னங்கால் தள்ளாடுகிறதா என்று பார். விரலை உப்புத் தண்ணீரில் வை. மூடிக் கட்டாதே.

மேவிஸ் கைத்தடியோடு வந்து சேர்ந்துவிட்டாள். கொண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பழைய கேட் ஒன்றில் பூட்டி, வருகிறவர்களையெல்லாம் திறக்கச் சொல்கிறாள். நேற்று வந்த நாலு ஆம்பளைகளும் முக்கினார்கள், முடியவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். முழங்கால், தோள், இரண்டு கை. ஒரு நொடியில் திறந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அட்டையில் எதையும் திருத்தவில்லை. மேவிஸ் அதைப் படித்துவிட்டு, "இதுவரைக்கும் செஞ்சவன் எவனும் அட்டை எழுதுனதில்ல" என்றாள்.

களைப்பு போய்விட்டது என்று நினைக்காதே. அது அவ்வளவு சீக்கிரம் போகிறதாகத் தெரியவில்லை. கன்றுகள் வந்துவிட்டால் நீயும் நானும் மறுபடி நடைபிணமாகத்தான் திரிவோம். அது எனக்குத் தெரிந்தே வருகிறேன். அடுத்த வருஷம் கறவை நிறுத்தும் மாதம் முழுக்க நான் இங்கே வந்துவிடுவேன், மேவிஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேண்டுமானால் நீயும் வா. சும்மா உட்காரக் கற்றுத்தருகிறேன்.

சனிக்கிழமை வா. மீட்-பை வாங்கிவந்தால் டிப்பிடம் கொடுத்துவிடாதே. நான் கேட்டுக்கு வந்து நிற்க மாட்டேன், நீயே திறந்துகொண்டு வா.

திரும்பும்போது நான் ஓட்டுகிறேன். நீ இறங்கி மேவிஸின் கேட்டைத் திற, நான் வண்டியை வெளியே எடுக்கிறேன், நீ மூடு. மூடிவிட்டுத் தட்டாதே. தட்ட வேண்டாம் ஆல்பி. நீ ஏறியாயிற்றா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

நைரீ